ஹவாய் மொழியில செடி, கொடி, மழை, மண்ணு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்காரர் வேலைக்காக ஹவாய் பெரிய தீவுல ஹிலோ ஊர்ல மூணு வருஷம் இருந்தோம். சனிக்கிழமை ஆனா ஹாமாகுவா பக்கம் ஒரு சேம்பு வயலுக்குப் போய் சேத்துல இறங்கி வேலை செய்வோம், அங்க இருந்த ஒரு வயசான ஆண்ட்டி (அங்க பெரியவங்க எல்லாரையும் ஆண்ட்டி, அங்கிள்னுதான் கூப்பிடுவாங்க) கைல இருக்கிற செடியைக் காட்டிக் காட்டி மொழி சொல்லிக் குடுத்தாங்க. ஊருக்கு வந்ததுல இருந்து சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், செடி வளக்கிற குரூப்ல இருக்கிறவங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேக்கிறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன்.

அக்கா, பசிபிக் தீவு எல்லாத்துலயும் ஒரே மொழிதானா?

இல்லம்மா, நூத்துக்கணக்கான மொழி இருக்கு. ஆனா ஹவாய், சமோவா, டோங்கா, தாஹிதி, நியூசிலாந்து மவோரி இதெல்லாம் பாலினீசியன்னு ஒரே குடும்பம், அக்கா தங்கச்சிங்க மாதிரி. சேம்புக்கு டோங்கால 'தலோ', மவோரில 'தாரோ', ஹவாய்ல 'கலோ'. அவங்க 'த' சொல்ற இடத்துல இவங்க 'க' சொல்வாங்க, மவோரி 'ர' இங்க 'ல' ஆயிடும், இந்த ரெண்டு மாத்தம் பிடிபட்டாலே பாதி செடி பேரு புரிஞ்சிடும்.

தென்னை மட்டும் டோங்கா, சமோவா, ஹவாய் எங்க போனாலும் 'நியு'தான். படகுல ஏறி தீவு தீவா போனவங்க தேங்காயையும் பேரையும் சேத்தே தூக்கிட்டுப் போயிருக்காங்க.

தமிழ்ல எழுதினா சரியா படிக்க வருமா? நடுவுல ஒரு கொம்பு போடறீங்களே அது என்ன?

நல்லாவே வரும். அந்த மொழில மொத்தம் 13 எழுத்து, அஞ்சு உயிர், எட்டு மெய், அவ்ளோதான். எந்த வார்த்தையும் மெய்ல முடியாது, ரெண்டு மெய் ஒட்டியும் வராது. குறில் நெடில் வித்தியாசம் ரொம்ப முக்கியம், அது நமக்குப் பிறந்ததுல இருந்து பழக்கம், எ ஏ, ஒ ஓ கூட நம்ம கிட்ட தனித்தனியா இருக்கு. வார்த்தை கடைசில வர்ற அ, எ, ஒ மூணை மட்டும் நான் நீட்டி எழுதிடறேன், தமிழ் வாய்க்கு அதான் வரும்.

அந்தக் கொம்பு (') ஒரு மெய்யெழுத்து. தொண்டைய ஒரு நொடி அடைச்சுத் திறக்கிற சத்தம். அதை விட்டா அர்த்தமே மாறிடும். 'பவு'ன்னா முடிஞ்சுது, 'ப'உ'ன்னா கரிப்புகை, 'ப'ஊ'ன்னா ஈரம், 'பா'ஊ'ன்னா பாவாடை. அதே மாதிரி 'அவா'ன்னா துறைமுகம், பால்மீனுக்கும் அதே பேருதான், ஆனா முன்னாடி கொம்பு போட்டு ''அவா'ன்னு சொன்னா வேரை இடிச்சுத் தண்ணில கலந்து குடிக்கிற ஒரு செடி. (நம்ம மிளகுக்கும் வெத்தலைக்கும் நெருங்கின சொந்தம் அது, இலையைப் பாத்ததும் எனக்கு வெத்தலை ஞாபகம்தான் வந்துச்சு.)

நம்ம ஊர் மரம் ஏதாச்சும் அங்க இருக்கா, இருந்தா என்ன பேரு?

நிறைய இருக்கு. பூவரசு அங்க 'மிலோ', புன்னை 'கமனி', தாழை 'ஹலா', நுணா 'நோனி' (கடைல பாட்டில்ல விக்கிற நோனி ஜூஸ் அதேதான்), கடற்கரை மணல்ல படர்ற அடம்புக்கொடி 'போஹுவெஹுவே', மஞ்சள் ''ஓலெனா', கரும்பு 'கோ'. முதல் தடவை பீச்சுல பூவரசு இலைய பாத்தப்போ நான் நின்னுட்டேன், சின்ன வயசுல பீப்பி செஞ்சு ஊதின அதே இலை. அங்க அந்தக் கட்டையை கிண்ணம் கடையறதுக்கு எடுத்துப்பாங்க.

ஆனா ஒண்ணு, மரம் ஒண்ணா இருக்குன்னு மொழியும் சொந்தம்னு கிளம்பிடாதீங்க. இந்தப் பேருங்களுக்கும் தமிழுக்கும் சம்பந்தம் கிடையாது. சில மரத்தோட விதை கடல்ல மிதந்தே போகும், மிச்சத்தை பாலினீசியக்காரங்க படகுல கொண்டுபோனாங்க.

நாட்டு பாதாம் மரம் பின்னாடி வந்தது, அதுக்கு 'கமனி ஹவோலே'ன்னு பேரு, அதாவது வெளிநாட்டு புன்னை. நாம சீமைன்னு முன்னாடி சேக்கிற மாதிரியே.

சேம்புக்கு மட்டும் அவ்ளோ வார்த்தையா? ஒரு கிழங்குதானே?

ஒரு கிழங்கு இல்ல, அதுதான் அவங்க சோறு. அந்த வயல்ல நான் கத்துக்கிட்டத சொல்றேன். தண்ணி கட்டின வயலுக்கு 'லோ'இ'ன்னு பேரு. செடியைப் பிடுங்கினதும் கிழங்கோட தலைல ஒரு விரல் தடிமனுக்கு சீவி, அது கூட ஒரு முழம் தண்டை விட்டு, இலையெல்லாம் வெட்டிடுவாங்க, அந்தத் துண்டுதான் 'ஹுலி', அதை அப்படியே சேத்துல குத்தினா அடுத்த செடி. கிழங்கை எடுத்துட்டு செடியையும் திருப்பிக் குடுத்துடற வேலை அது. 'ஹுலி'க்கு திரும்புறதுன்னும் அர்த்தம் உண்டு. தாய்க்கிழங்கு 'மகுவா', அம்மா அப்பாவுக்கும் அதே வார்த்தை. அதைச் சுத்தி முளைக்கிற கன்னுங்க ''ஒஹா'. குடும்பத்துக்கு ''ஒஹனா'ன்னு சொல்றாங்க இல்ல, அது இந்த 'ஒஹாவுல இருந்துதான் வந்துச்சுன்னு அவங்க பெரியவங்க சொல்வாங்க.

இலைத்தண்டு 'ஹா', மூச்சுக்கும் 'ஹா'தான். தண்டு இலைல ஒட்டுற அந்தப் புள்ளி 'பிக்கோ', அதே வார்த்தைதான் தொப்புளுக்கும். ஆண்ட்டி ஒரு இலையைத் திருப்பி என் கைல வச்சு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாங்க, நரம்பெல்லாம் அங்க இருந்துதான் பிரியுது, ஒரு சொட்டு தண்ணி உருண்டு அங்க வந்து நின்னுச்சு. அன்னைக்கு அந்த வார்த்தை எனக்குள்ள போனது இன்னும் வெளிய வரல. சமைக்கிற இளம் இலை 'லூ'அவு', விருந்துக்கு லூஅவுன்னு பேரு வந்ததே அதுல பரிமாறுற இந்தக் கீரையாலதான். வேகவச்சு இடிச்சு தண்ணி விட்டுக் கரைச்சா 'போயி', அதுதான் தினப்படி சாப்பாடு. சரியா வேகலன்னா தொண்டை அரிக்கும், அந்த அரிப்புக்கும் 'மனெ'ஓ'ன்னு வார்த்தை இருக்கு, நம்ம சேப்பங்கிழங்கு மாதிரியேதான்.

இதுக்கெல்லாம் அடில ஒரு கதை இருக்கு. வாக்கேயாவுக்கும் ஹோ'ஒஹோகூகலானிக்கும் பிறந்த முதல் பிள்ளை உயிரில்லாம பிறந்துச்சு, அதைப் புதைச்ச இடத்துல முளைச்சதுதான் முதல் சேம்பு. ரெண்டாவது பிள்ளைதான் மனுஷன், பேரு ஹாலோவா, நீண்ட தண்டுன்னும் நீண்ட மூச்சுன்னும் ரெண்டு விதமா அர்த்தம் எடுக்கலாம். ஆக சேம்பு அவங்களுக்கு அண்ணன். அண்ணன் சோறு போடறான், தம்பி அண்ணனைப் பாத்துக்கணும்.

சேம்புல எத்தனை ரகம் இருக்கு, எல்லாத்துக்கும் பேரு உண்டா?

உண்டு. 1939ல அங்க வந்த ஒரு ஆராய்ச்சி அறிக்கைல 84 ரகத்தை எழுதி வச்சிருக்காங்க. பேரு வச்ச விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தண்டுல கோடு போட்டிருந்தா 'மனினி', அது கோடு போட்ட ஒரு மீனோட பேரு. கிழங்கு தலைல கிளை விட்டா 'மனா', கிளைன்னு அர்த்தம். இலையோட வெட்டு பிக்கோ வரைக்கும் வந்திருந்தா அந்த ரகத்துக்கே 'பிக்கோ'ன்னு பேரு. செடியைப் பாத்தா பேரு தெரியணும், பேரைக் கேட்டா செடி கண்ணு முன்னாடி வரணும், அப்படி வச்சிருக்காங்க.

2002ல ஹவாய் யூனிவர்சிட்டி மூணு புது ரகத்துக்கு பேட்டன்ட் வாங்குச்சு. விவசாயிங்க சும்மா இருக்கல, அண்ணனுக்கு எப்படிடா பேட்டன்ட் வாங்குவீங்கன்னு கேட்டாங்க (மேல சொன்ன கதைதான் காரணம்). 2006ல யூனிவர்சிட்டி அந்த பேட்டன்டை விட்டுக்குடுத்துடுச்சு.

பின்னாடி வந்த செடிங்களுக்கு என்ன செஞ்சாங்க? இங்கிலீஷ் பேரையே வச்சுக்கிட்டாங்களா?

ரெண்டும் உண்டு. அன்னாசிக்கு 'ஹலா கஹிக்கி', வெளிதேசத்து தாழை. தாழம்பழத்தை நீங்க பாத்திருந்தா உடனே புரியும், முள்ளு முள்ளா கட்டம் கட்டமா அன்னாசி மாதிரியேதான் இருக்கும்.

மாம்பழத்துக்கு 'மனக்கோ'. இது நம்ம வார்த்தைங்க! தமிழ், மலையாள மாங்காயை போர்ச்சுகீசியர் 'மங்கா'ன்னு எடுத்துட்டுப் போனாங்க, அது இங்கிலீஷ்ல மேங்கோ ஆச்சு, ஹவாய் வாய்ல ரெண்டு மெய் ஒட்டாதுன்னு மேல சொன்னேன்ல, அதனால நடுவுல ஒரு உயிரைப் போட்டு மனக்கோ ஆக்கிட்டாங்க. ஹிலோ மார்க்கெட்ல ஒரு பாட்டி மனக்கோன்னு சொல்லி ஒரு பழத்தை நீட்டினப்போ எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு, நம்ம ஊர் வார்த்தை உலகத்தைச் சுத்தி அங்க வந்து உக்காந்திருக்கு.

இன்னொண்ணு 'கியாவே'. நம்ம சீமைக்கருவேலத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி, 1828ல ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் ஹொனொலுலுல நட்டது, இப்போ மழை இல்லாத பக்கம் பூரா அதுதான். பேருக்கு அர்த்தம் ஆடி அசையிறதுன்னு.

'குக்குயி'ன்னா மரமா விளக்கா? ரெண்டு விதமா எழுதியிருக்காங்களே

ரெண்டும்தான். குக்குயி கொட்டைல எண்ணெய் அவ்ளோ இருக்கும். ஓட்டை உடைச்சு பருப்பை எடுத்து தென்னை ஈர்க்குல வரிசையா கோத்து மேல இருக்கிறதைப் பத்த வைப்பாங்க, அது எரிஞ்சு முடிய கீழ இருக்கிறது பிடிக்கும். நாங்க ஒரு ராத்திரி செஞ்சு பாத்தோம், புகை கொஞ்சம் வரும், வறுத்த வேர்க்கடலை வாசம். அதனால விளக்குக்கே குக்குயின்னு பேரு ஆயிடுச்சு, கரண்டு பல்பு கூட 'குக்குயி உவிலா'தான், மின்னல் விளக்கு.

வடக்கு தெற்குன்னு சொல்லாம வழி சொல்றாங்களாமே, நெஜமா?

நெஜம். 'மௌக்கா'ன்னா மலைப் பக்கம், 'மக்கை'ன்னா கடல் பக்கம். தீவு நடுவுல மலை, சுத்தியும் கடல், அதனால ஹிலோல மக்கைன்னா கிழக்கு, எதிர்ப்பக்கம் கோனா ஊர்ல மக்கைன்னா மேற்கு. கடைல கூட "மௌக்கா பக்கம் பார்க் பண்ணுங்க"ன்னுதான் சொல்வாங்க, இங்கிலீஷ்ல பேசும்போதும் சரி. நமக்கு இது புதுசு இல்ல, கீழ இருக்கிறது கிழக்கு, மேல இருக்கிறது மேற்குன்னு மண்ணோட சரிவைப் பாத்துத்தான் நாமளும் பேரு வச்சோம், நாளாவட்டத்துல மறந்துட்டோம்.

மழைக்கு நூறு பேரு இருக்குன்னு சொல்றது, எஸ்கிமோக்கள் கிட்ட பனிக்கு நூறு வார்த்தைன்னு சொல்ற கதை மாதிரி கட்டிவிட்டதா?

இல்ல. பாட்டு, பழைய பத்திரிகை எல்லாத்துல இருந்தும் 200க்கு மேல மழைப் பேரை சேத்து வச்சிருக்காங்க. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி தூறல், சாரல், அடைமழைன்னு வகை மட்டும் இல்ல, பாதிக்கு மேல ஒரு ஊரோட மழைக்கு அந்த ஊருக்குன்னே வச்ச பேரு, மனுஷனுக்குப் பேரு வைக்கிற மாதிரி. ஹிலோ மழை 'கனிலெஹுவா', லெஹுவா பூ மேல விழற மழை. வைமேயால காத்தோட சேந்து சில்லுனு அடிக்கிறது 'கீபு'உபு'உ'. பாட்டுல மழை பேரு வந்தாலே எந்த ஊர்னு கேக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

ஹொனொலுலு பக்கம் மானோவா பள்ளத்தாக்கு மழைக்கு 'துவஹினே'ன்னு பேரு. ஹவாய்ல 'த' கிடையாதே, 'க' தானேன்னு கேப்பீங்க. சாதாரணமா 'குவஹினே'தான், ஒரு ஆணுக்கு கூடப்பிறந்தவ. மழைப் பேருல மட்டும் அந்தப் பழைய 'த' அப்படியே தங்கிப்போச்சு. அந்த ஊர் கதைல மழைதான் அம்மா, காத்து அப்பா, பொண்ணு வானவில்.

ஹிலோல வருஷத்துக்கு சுமார் 3,200 மில்லிமீட்டர் மழை. அதே தீவுல வறண்ட கவைஹாயே பக்கம் 250 கூட வர்றது கஷ்டம். அப்படி இருக்கிற இடத்துல நல்ல தண்ணிக்கு 'வை', சொத்துக்கு 'வைவை'ன்னு சொல்றதுல ஆச்சரியம் என்ன இருக்கு.

எரிமலை பத்தி ஸ்கூல்ல படிச்சதுல ''அ'ஆ'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அது இதுதானா?

அதேதான். கரடுமுரடா காலைக் கிழிக்கிற மாதிரி உறையிற குழம்பு ''அ'ஆ', வழவழன்னு கயிறு முறுக்கின மாதிரி உறையிறது 'பாஹோவெஹோவே'. உலகம் பூரா புவியியல்காரங்க இந்த ரெண்டையும்தான் சொல்றாங்க. ரெண்டும் ஒரே பாறைதான், உறையிற விதம் மட்டும் வேற.

மூணாவதா 'கீபுக்கா'. குழம்பு ஓடி வரும்போது ஒரு மேட்டைச் சுத்திப் போயிடும், நடுவுல ஒரு துண்டு காடு அப்படியே பச்சையா மிஞ்சும். அதுல இருந்து விதை பறந்துதான் சுத்தி இருக்கிற கருப்புப் பாறைல மறுபடி காடு வரும்.

நிலா பாத்து செடி நடறாங்களாமே?

ஆமா, மாசத்துல ஒவ்வொரு ராத்திரிக்கும் தனிப் பேரு. முதல் பிறை 'ஹிலோ', நூல் திரிக்கிற மாதிரி மெலிசா இருக்கும். 13வது ராத்திரி 'ஹுவா', காய், முட்டைன்னு அர்த்தம், அன்னைக்கு நட்டா நல்லா காய்க்கும்னு சொல்வாங்க. ''ஒலே'ன்னு பேரு வர்ற நாள்ல நட மாட்டாங்க, 'ஒலேன்னா இல்லைன்னு அர்த்தம். அந்த நாள்ல களை பிடுங்குறது, வரப்பு சரி பண்றது. எங்களையும் ஒரு 'ஒலே சனிக்கிழமை நாள் முழுக்க களைதான் பிடுங்க விட்டாங்க.

ஹவாய் போறப்போ தாழைக்காய் மாலை போட்டுக்கலாமா? சகுனம் சரியில்லன்னு ஒருத்தர் சொன்னார்

அவர் சொன்னது வார்த்தையால வந்தது. 'ஹலா'ன்னா தாழை, அதே 'ஹலா'க்கு கடந்து போறது, தவறிப் போறது, இறந்து போறதுன்னும் அர்த்தம். அதனால புதுசா ஒரு காரியம் தொடங்கும்போதோ எலெக்ஷன்ல நிக்கும்போதோ அந்த மாலையைத் தவிர்ப்பாங்க. ஆனா வருஷக் கடைசில அதையே ஆசையா போடுவாங்க, பழசு கடந்து போகட்டும்னு. நீங்க டூரிஸ்டா போறீங்க, யாராச்சும் அன்பா போட்டுவிட்டா கழட்டாதீங்க.

'ஓ'ஹி'ஆன்னு தேடினா ஒரு இடத்துல பெரிய மரம், ஒரு இடத்துல பழம், ஒரு இடத்துல தக்காளி. எது சரி?

மூணும் சரி. பழைய பாலினீசியன்ல 'கஃபிகா'ன்னு சிவப்பு நாவல் மாதிரி ஒரு பழ மரம், ஃபிஜில இன்னைக்கும் 'கவிக்கா'. அந்தப் பேருதான் ஹவாய்ல ''ஓ'ஹி'ஆ' ஆச்சு. தீவுக்கு வந்தவங்க காட்டுல அதே மாதிரி செக்கச்செவேல்னு குஞ்சம் பூக்கிற மரத்தைப் பாத்து அதுக்கும் அந்தப் பேரையே வச்சாங்க, அதுல பழம் கிடையாது. அதனால பழ மரத்துக்கு ''ஓ'ஹி'ஆ 'ஐ', சாப்பிடற 'ஓ'ஹி'ஆன்னு பிரிச்சாங்க. நூறு நூறு வருஷம் கழிச்சு தக்காளி வந்துச்சு, சிவப்பா இருந்துச்சு, அதுக்கும் அதேதான். அதனால அகராதில ஒரு அர்த்தத்தைப் பாத்துட்டு நிறுத்தாதீங்க, எந்தக் காட்டுல, யார் சொன்னதுன்னு பாருங்க.

அந்த மொழி செத்துப்போச்சுன்னு கேள்விப்பட்டேனே?

சாகல, ஆனா கிட்டத்தட்ட கொண்டுபோயிட்டாங்க. ராணியை 1893ல பதவில இருந்து இறக்கினதுக்கு அப்புறம், 1896ல ஸ்கூல்ல இங்கிலீஷ்தான்னு சட்டம் போட்டாங்க. 1978ல மறுபடி ஆட்சிமொழி ஆச்சு, 1984ல குழந்தைங்களுக்கு முழுக்க ஹவாய் மொழிலயே நடத்துற முதல் பாலர் பள்ளி கவாயி தீவுல ஆரம்பிச்சாங்க. பழைய செடிப் பேரு இவ்ளோ பொழைச்சிருக்கிறதுக்கு ஒரு பெரிய காரணம் 1834ல இருந்து 1948 வரைக்கும் அந்த மொழில வந்த பத்திரிகைங்க, மருந்துச் செடி, மழை, மீன்னு வாசகர்களே எழுதிக் குவிச்சிருக்காங்க.

அக்கா, எங்க பாப்பாவுக்கு லெஹுவான்னு பேரு வைக்கலாமா? ரொம்ப அழகா இருக்கு

லெஹுவா, 'ஓ'ஹி'ஆ மரத்தோட பூ. அழகுதான், நானும் ஆசைப்பட்டிருக்கேன். ஆனா அங்க பேருங்கிறது சும்மா சத்தம் நல்லா இருக்குன்னு வைக்கிறது இல்ல, கனவுல வரும், பாட்டி குடுப்பாங்க, அந்தக் குடும்பத்துக்கும் ஒரு இடத்துக்கும் சொந்தமா இருக்கும். உங்களுக்கு அந்த மண்ணோட எந்த உறவும் இல்லன்னா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். நம்ம கிட்டயே முல்லை, தாமரை, குறிஞ்சின்னு இருக்கே.

அந்த 'ஓ'ஹி'ஆ மரமெல்லாம் காயுதாமே, டூர் போறவங்க என்ன செய்யணும்?

காயுது. 2014ல காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க, ஒரு பூஞ்சை. பட்டைல காயம் பட்டா உள்ள நுழைஞ்சு தண்ணி ஏறுற குழாயை அடைச்சிடும், வெளிய நல்லா தெரியற மரம் கொஞ்ச வாரத்துல மொத்தமா பழுப்பாயிடும். ரெண்டு இனம் இருக்குன்னு 2018ல அதுக்குப் பேரு வச்சப்போ ஹவாய் வார்த்தையிலயே வச்சாங்க, ஒண்ணு 'லுக்குவோஹியா', 'ஓ'ஹி'ஆவை அழிக்கிறது. இன்னொண்ணு 'ஹுலியோஹியா', அதோட நிலையைப் புரட்டிப் போடறது. சேம்பு வயல்ல நான் கத்துக்கிட்ட அதே 'ஹுலி', இந்தப் பேருல பாத்தப்போ வயித்தைப் பிசைஞ்சுது.

நீங்க செய்ய வேண்டியது இதுதான். கிளையை ஒடிக்காதீங்க, பட்டைல பேரு கீறாதீங்க, பூ பறிக்காதீங்க (பறிச்சா மழை வரும்னு அவங்களே சொல்வாங்க). காட்டுப் பாதை வாசல்ல பிரஷ் வச்சிருப்பாங்க, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வெளிய வந்ததும் ஒரு தடவை செருப்பு அடில ஒட்டின மண்ணை நல்லா தேச்சு எடுத்துட்டு, 70 சதவீத ஆல்கஹால் ஸ்ப்ரே அடிங்க. பள்ளத்துல சிக்கின சின்ன சின்ன மண்ணையும் ஒரு குச்சியால நோண்டி எடுங்க, ஈரம் காயிற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் நடங்க.